இங்ஙனம், கூடாரக்காரர்

கேரித் தீவில் கூடாரக்காரரைத் தெரியாதவர் இருக்க வழியில்லை. இருந்தாலும் அவர் விடமாட்டார். தோட்டத்துக் கோயில் குழு, தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் குழு, முன்னாள் மாணவர் குழு, பந்திங் பக்கத்துக் காற்பந்துக் குழு என்று புலனத்தில் எதைத் திறந்தாலும் காலை ஆறு மணிக்கு முருகன் படத்தோடு வணக்கம் வைத்திருப்பார். வணக்கம் ஒரு வரி. அதற்குக் கீழே அவர்.

கூடாரம், நாற்காலி, மேசை வாடகைக்கு. கல்யாணம், காதுகுத்து, பிறந்தநாள் சமையல். மணவறை அலங்காரம். தீபாவளி முறுக்கு, நெய் உருண்டை முன்பதிவு. வாகனக் காப்புறுதி புதுப்பித்துத் தரப்படும். மூட்டுவலிக்கு ஒரு மூலிகைச் சாறு. வாங்கினால் வலி போகும், இரண்டு பேரைச் சேர்த்துவிட்டால் கடனும் போகும். கடைசி வரியில் நிலம். கேரித் தீவில் பெரிய துறைமுகம் வரப்போகிறது என்று 2017இல் எழுந்த பேச்சு மற்றவர்களுக்கு நாளிதழ்ச் செய்தி. அவருக்கு அது கையொப்பத்தின் ஒன்பதாவது வரி.

புலனத்தில் கையொப்பம் என்ற வசதியே கிடையாது. அதனால் ஒவ்வொரு தடவையும் எங்கிருந்தோ வெட்டி எடுத்து ஒட்டுகிறார். அவசரத்தில் மேலே எழுத வேண்டியதை மறந்துவிட்டுக் கையொப்பத்தை மட்டும் அனுப்பிய நாள்களும் உண்டு. யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

அவரைக் குறை சொல்லுமுன் நம் வரலாற்றையும் பார்க்க வேண்டும். மலேசியத் தமிழ் நாளிதழ்களின் தீபாவளி மலரைப் புரட்டியவர்களுக்குத் தெரியும்: நகைக்கடையும் துணிக்கடையும் மளிகைக்கடையும் பக்கம் பக்கமாக நமக்கு வாழ்த்துச் சொல்லும். வாழ்த்து இரண்டு வரி, கடை முகவரி ஆறு வரி. நாமும் அதை வாழ்த்தாகவே எடுத்துக்கொண்டு வளர்ந்தோம். இன்னும் கொஞ்சம் பின்னால் போனால், லங்காட் ஆறு ஒதுக்கிவைத்த இந்தத் தீவுக்கே எட்வர்ட் வேலண்டைன் கேரி என்ற வெள்ளைக்காரத் தோட்டத் துரையின் பெயர்தான். பாலத்தைத் தாண்டியதும் கண்ணுக்கு எட்டிய மட்டும் செம்பனை. அத்தனைக்கும் அடியில் ஒரு வியாபாரியின் கையொப்பம். நம்மவர் கேட்பது ஒன்பது வரிதான். (மரச்சிற்பத்தாலும் முகமூடியாலும் உலகப் பெயர் வாங்கிய மா மெரி பழங்குடி மக்களும் இதே தீவில்தான் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரும் காலை ஆறு மணிக்கு எனக்கு முகமூடிப் படம் அனுப்பியதில்லை.)

வெளியுலகமும் இதில் யோக்கியமில்லை. 1996இல் சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் ஹாட்மெயில் மின்னஞ்சலைத் தொடங்கியபோது, அதிலிருந்து யார் யாருக்குக் கடிதம் எழுதினாலும் அடியில், இலவச அஞ்சல் வேண்டுமானால் இங்கே வாருங்கள் என்று ஒரு வரி தானாக ஒட்டிக்கொண்டது. காதல் கடிதத்துக்கும் ஒட்டியது, வேலை விண்ணப்பத்துக்கும் ஒட்டியது. மறு ஆண்டு முடிவதற்குள் மைக்ரோசாப்ட் அதை விலைக்கு வாங்கிவிட்டது. ஆனால் அது ஒரே வரி. 1995இல் இணையத்தில் நடந்துகொள்ளும் முறை பற்றி ஒரு வழிகாட்டி எழுதியவர்கள்கூட, கையொப்பம் நான்கு வரிக்கு மேல் போகக் கூடாது என்றுதான் சொன்னார்கள். அன்று இணைப்புக்கு நிமிடக் கணக்கில் காசு கொடுத்தவர்கள் பலர்; அடுத்தவரின் விளம்பரம் இறங்கும் நேரத்துக்கும் நம் பணம்தான் போகும். இன்று காசு போகவில்லை, பொறுமை போகிறது.

ஆடித் திருவிழாவுக்குச் சிரமதானம் என்று கோயில் குழுவில் அறிவிப்பு வந்தது. வருகிறவர்கள் பட்டியலை நகலெடுத்து அடியில் தம் பெயரைச் சேர்த்து அனுப்ப வேண்டும். ஐந்தாம் எண்ணில் நம் கூடாரக்காரர் பெயர், கூடவே ஒன்பது வரி. ஆறாமவர் அப்படியே நகலெடுத்தார். ஏழாமவரும். மாலைக்குள் ஊரே அவர் கூடாரத்தை விளம்பரம் செய்துகொண்டிருந்தது. பூசாரிகூட மூலிகைச் சாற்றைப் பரிந்துரைத்திருந்தார்.

குழு நடத்துனர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அன்றிரவே விதி போட்டார்: "வியாபார விளம்பரம் வெள்ளிக்கிழமை மட்டும்." இரண்டு நிமிடத்தில் பதில்: "நல்ல முடிவு சார். கண்டிப்பா எல்லாரும் கடைப்பிடிக்கணும்." கீழே ஒன்பது வரி.

"தம்பி, இன்னைக்கு செவ்வாய்க்கிழமை."

"விளம்பரம் எங்க சார் போட்டேன்? அது என் கையெழுத்து."

தலைமையாசிரியர் முப்பது வருடம் எத்தனையோ பிள்ளைகளின் கையெழுத்தைத் திருத்தியவர். இதற்கு அவரிடம் சிவப்பு மை இல்லை.

ஒரு மரணச் செய்தி வந்தபோதுதான் குழு உண்மையில் கொதித்தது. இரங்கல் செய்திகளுக்கு நடுவே, "ஆத்மா சாந்தியடையட்டும். கூடாரம், நாற்காலி, மேசை வாடகைக்கு." வேறு எந்த வீட்டிலும் அந்த வரி தொல்லை. அந்த வீட்டில் அன்றைக்கு வேண்டியிருந்தது அதுதான், அங்கேதான் அதைச் சொல்லக் கூடாது. திட்டி எழுதலாமா என்று நான்கு பேர் தட்டச்சு செய்துகொண்டிருக்கையிலேயே அவருடைய லோரி அந்த வீட்டு வாசலில் நின்றது. யாரும் கேட்காமலே கூடாரம் போட்டு, நாற்காலிகளை வரிசையாக விரித்து, தண்ணீர்ப் போத்தல் பெட்டியையும் இறக்கி வைத்துவிட்டுப் பின்வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார். காசு வாங்கவில்லை. திட்ட எழுதியவர்கள் அழித்துவிட்டார்கள்.

அந்த நாற்காலிகளை நன்றாகப் பார்த்தேன். சிவப்பு பிளாஸ்டிக். ஒவ்வொன்றின் முதுகிலும் அச்சுத் தகடு வைத்து வெள்ளைச் சாயத்தில் அவர் நிறுவனத்தின் பெயர், கைப்பேசி எண். முன்வரிசைக்காரர் முதுகைத்தான் பின்வரிசைக்காரர் இரண்டு மணி நேரம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மனப்பாடமாகாமல் எப்படி இருக்கும்? புலனத்தில் அவர் ஆண்டுக்கணக்காகப் போட்ட ஒன்பது வரியால் எனக்குப் பதியாத எண், அன்று பதிந்துவிட்டது.

தொழில் செய்கிறவர் தன் தொழிலைச் சொல்வதில் தப்பில்லை. தோட்டத்தில் பிறந்து, பதிவுக் கட்டணம் கட்டி, சொந்த லோரி வைத்துப் பிழைக்கிறவரைக் கேலி செய்ய எனக்கு மனமும் இல்லை. சொல்ல ஒரு செய்தி இருந்து அதன் அடியில் கையொப்பம் வந்தால் மரியாதை. கையொப்பத்தைப் போடுவதற்காகவே ஒரு வணக்கத்தைத் தேடிப் பிடித்தால் தொல்லை, அவ்வளவுதான் கணக்கு.

ஆகவே அண்ணே, ஒன்பதை நான்காகக் குறையுங்கள். சாற்றையும் நிலத்தையும் முதலில் எடுங்கள். இரங்கல் செய்திக்குக் கீழே மட்டும் ஒன்றும் போடாதீர்கள். உங்கள் எண் எங்களிடம் இருக்கிறது, நாற்காலியில் பார்த்துக்கொள்கிறோம்.