கேளுங்கள்… சொல்கிறோம்!

கேள்வி: ஒரு ஆறுகூட பெரிதாக இல்லாத சிங்கப்பூர் தண்ணீரைச் சமாளிக்கிறது. பாலாறு இருந்தும் நாம் குடம் தூக்குகிறோமே, ஏன்?
- ஆம்பூர் வாசகர்

பதில்: இல்லாதவன் எண்ணி எண்ணிச் செலவழிப்பான், இருப்பவனுக்கு ஏது கணக்கு? சிங்கப்பூர் கழிவுநீரைச் சுத்திகரித்து ‘நியூவாட்டர்’ என்று பெயரிட்டு, 2002 தேசிய தினத்தன்று மக்களுக்குப் பாட்டிலில் கொடுத்தது. அன்றைய பிரதமர் கோ சோக் டோங்கும் குடித்துக் காட்டினார்.

நம் கதை? பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் தொழில். பச்சைத்தோல் கெடாமலிருக்க உப்புத் தடவி வரும். பதனிடும் தோல் ஷாப்பில் ஊறவைத்தால் அத்தனை உப்பும் தண்ணீரில். ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்கச் சுமார் 30-40 லிட்டர் தண்ணீர். அந்த உப்புக் கழிவுநீர் பாலாற்றையும் கிணறுகளையும் கரிக்க வைத்தது. 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாழானதாக ஓர் ஆய்வு சொன்னதைக் குறிப்பிட்டு, ‘கெடுத்தவனே காசு கொடு’ என்று உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்பளித்தது.

இப்போது பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் ஆர்.ஓ. வந்துவிட்டது. தண்ணீர் திரும்புகிறது, உப்பு மலையாய்க் குவிகிறது. ஊறவைக்கும் முன்பே தோலை நன்றாக உதறினால் கொஞ்சம் உப்பு தரையிலேயே கொட்டிவிடும். அதற்கு விஞ்ஞானியே வேண்டாம், கை போதும்!

‘சாமியில்லாத கோயில், நீரில்லாத ஆறு’ என்று பாலாற்றங்கரை வேலூரைக் கேலி பேசுவார்கள். சாமி 1981-ல் கோட்டைக் கோயிலுக்குத் திரும்பிவிட்டார். பெயர் ஜலகண்டேஸ்வரர். ஜலம்தான் பாக்கி!