பங்கருக்கு ரிக்கெற் எடுத்த கதை

கூர், சுவிற்சர்லாந்து
புரட்டாதி, மூண்டாம் சனிக்கு அடுத்த நாள்

அன்புள்ள பெரியக்காவுக்கு,

நாங்கள் எல்லாரும் சுகம். நீங்கள் அனுப்பின மிளகாய்த்தூள் பாசல் வந்து சேர்ந்தது. மணம் பெட்டிக்கு முன்னமே படியேறி வந்திட்டுது.

போன முறை ரெலிபோனிலை, "அதென்ன கூர், கத்தி மாதிரி ஒரு பேர்?" எண்டு கேட்டனீங்கள். அலுவலகத்திலை கேட்டுப் பார்த்தன். சுவிசிலையே பழைய நகரம் தங்கடைதான் எண்டு இந்த ஊர்ச்சனத்துக்கு ஒரு பெருமை. ஐயாயிரம் வருசத்துக்கு முந்தியே இஞ்ச ஆக்கள் குடியிருந்த தடயம் இருக்காம். அவ்வளவு காலம் இருந்தும் பால்தேத்தண்ணி போடப் பழகேல்லை. அதை விடுங்கோ.

இண்டைக்கு எழுதிறது எங்கடை மேல்வீட்டுக் குடும்பத்தைப் பற்றி. ரெண்டு பெட்டையள், ஒரு பெடியன். மூண்டும் பள்ளிக்கூடம் போறேல்லை. காச்சலும் இல்லை, காசில்லாமலும் இல்லை. தாய்தான் வீட்டிலை வைச்சுப் படிப்பிக்கிறா. முப்பத்தாறு வருசம் ரீச்சராய் இருந்து பென்சன் எடுத்த உங்களுக்கு இதை வாசிக்க நெஞ்சு அடைக்கும். ஆறுதலாய்த் தண்ணி குடிச்சிட்டு மிச்சத்தை வாசியுங்கோ.

இதுக்கு ஒரே சட்டம் இஞ்ச இல்லை. கன்ரோனுக்குக் கன்ரோன் (எங்கடை மாகாணம் மாதிரி) வேறை. சில இடத்திலை லேசு, சில இடத்திலை கிட்டத்தட்ட ஏலாது. பாசலிலை (இது ஊர், உங்கடை மிளகாய்த்தூள் இல்லை) அனுமதி கிடைக்காத ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போக, வீட்டிலை படிப்பிக்கிறதை ஒரு உரிமையாய்க் கேக்க அரசியல் சட்டத்திலை இடமில்லை எண்டு 2019இலை தீர்ப்பு வந்தது. எங்கடை கிராவுபுண்டன் கன்ரோனிலை அனுமதி எடுத்துத்தான் செய்யலாம். மேல்வீட்டு மனிசி முறையாய்ப் படிச்ச ரீச்சர். குசினி மேசையிலை ஒரு பக்கம் உருளைக்கிழங்கு தோல், மற்றப் பக்கம் பின்னக் கணக்கு. ரியூசன் எண்ட சொல்லை நான் விளங்கப்படுத்த அரை மணித்தியாலம் எடுத்தது. "பள்ளிக்கூடம் விட்ட பிறகு இன்னொரு பள்ளிக்கூடமோ? அப்ப முதல் பள்ளிக்கூடத்திலை என்ன செய்யிறவை?" எண்டு கேட்டா. பதில் தெரிஞ்சால் எழுதிவிடுங்கோ.

போன கிழமை படியிலை கண்டு, "சனிக்கிழமை பிள்ளையளைச் சுற்றுலா கூட்டிப் போறன், நீங்களும் உங்கடை மகளோடை வாருங்கோ" எண்டு கேட்டா. நானும் ஏதோ வாவி, பூந்தோட்டம் எண்டு நினைச்சு ஓமெண்டிட்டன். ஸ்ரேசனிலை வைச்சுத்தான் சொன்னா, போறது ஆமி மியூசியத்துக்காம்.

புரட்டாதிச் சனி, அக்கா. கோயிலுக்குப் போய் எள்ளெண்ணெய் எரிக்க வேண்டிய நாள். சனீஸ்வரன் என்னை ஆமிக்காம்புக்குக் கூட்டிக்கொண்டு போறார்.

சிவப்பு ரயிலிலை தூசிஸ் வரைக்கும் அரை மணித்தியாலம். வழியிலை ரைக்கனவு எண்ட இடத்திலை ரெண்டு ஆறு சேர்ந்து ரைன் நதியாகுது. அது அண்டைக்குப் புவியியல் பாடம். பிறகு மஞ்சள் தபால் பஸ். மலை வளைவிலை அது அடிக்கிற ஹோர்ன் இருக்கே, ரொசினி எண்டவர் வில்லியம் ரெல் நாடகத்துக்குப் போட்ட இசையிலை இருந்து எடுத்த மூண்டு சுரமாம். அது சங்கீதப் பாடம். அடுத்தது வியாமாலாப் பள்ளத்தாக்கு. ரொமான்ஷ் பாசையிலை 'கெட்ட பாதை' எண்டு அர்த்தம், அது மொழிப்பாடம். எனக்குத் தலைசுத்தினது சுகாதாரப் பாடம். மணி அடிக்காமல், வரவு எடுக்காமல், ஒருத்தருக்கும் பிரம்படி விழாமல் பத்து மணிக்குள்ளை நாலு பாடம் முடிஞ்சுது.

இடத்தின்ரை பேர் கிரெஸ்ராவால்ட். சூஃபர்ஸ் எண்ட சின்ன ஊருக்குப் பக்கத்திலை, இத்தாலியிலை இருந்து வாற மலைப்பாதையை மறிக்கக் கட்டினது. இரண்டாம் உலகப் போர் நேரம் கிசான் எண்ட ஜெனரல், சமவெளி போனாலும் மலையை விடுறேல்லை எண்டு முடிவெடுத்தவர். 1940 யூலையிலை தன்ரை பெரிய அதிகாரிமாரை ரூட்லி புல்வெளியிலை கூப்பிட்டு வைச்சு அதைச் சொன்னவராம். அதுக்குப் பிறகு நாடு முழுக்க மலையைக் குடைஞ்சு தள்ளியிருக்கினம். வெளியாலை பார்த்தால் மாட்டுக்கொட்டில், வைக்கோல் வீடு. யன்னல் கூடப் பெயின்ற்றாலை கீறினது. உள்ளுக்கை பீரங்கி. எங்கடை ஊரிலை மாட்டுக்கொட்டிலுக்குள்ளை மாடு மட்டும்தான் நிண்டது, அதையும் ஷெல் அடிச்சது.

வாசலிலை தொப்பியும் ஆமிச் சட்டையும் போட்ட ஒரு கிழவர் நிண்டார். அக்கா, முப்பது வருசம் ஆச்சு, இந்த நாட்டுப் பாஸ்போட்டும் எடுத்தாச்சு. ஆனால் அந்தச் சட்டை நிறத்தைக் கண்டதும் என்ரை கை தன்பாட்டிலை பொக்கெற்றுக்குள்ளை போய் அடையாள அட்டையை எடுத்து நீட்டிப்போட்டுது. மற்றக் கை பையைத் திறந்து காட்டுது. கிழவர் அட்டையை வாங்கி, கண்ணாடியைப் போட்டுப் பிறந்த திகதியைப் பார்த்து, "மன்னிக்க வேணும், பென்சன்காரருக்கான கழிவுக்கு உங்களுக்கு இன்னும் வயது காணாது" எண்டார். முழு ரிக்கெற் எடுத்தன். காசு குடுத்துப் பங்கருக்குள்ளை போன முதல் யாழ்ப்பாணத்தான் நானாய்த்தான் இருப்பன்.

படம் எடுக்கலாமோ எண்டு மெல்லமாய்க் கேட்டன். எடுங்கோ எண்டது மட்டுமில்லை, 10.5 சென்ரிமீற்றர் பீரங்கிக்குப் பக்கத்திலை என்னை நிப்பாட்டி, கையை எங்கை வைக்க வேணும் எண்டும் சொல்லித் தந்தார். அந்தப் படத்தை உங்களுக்கு அனுப்பேல்லை. அம்மம்மா இருந்திருந்தால் என்னை வீட்டுக்குள்ளை எடுத்திருக்கமாட்டா.

உள்ளுக்கை ஒரு ஊரே இருக்கு. அடுக்கடுக்காய்க் கட்டில், குசினி, மின்சாரம் எடுக்கிற இயந்திரம், காத்தை வடிகட்டிற இயந்திரம், வைத்தியர் அறை. அவ்வளவும் மினுமினுப்பு. தண்டவாளத்திலை போற வண்டியிலை ஷெல்லை அடுக்கி வைச்சிருக்கு, ராசன் கடையிலை ரின்மீன் அடுக்கினமாதிரி.

"இதாலை ஆருக்குச் சுட்டனீங்கள்?" எண்டு என்ரை மகள் கேட்டாள். கிழவர் தலையை ஆட்டினார். "ஒருத்தருக்கும் இல்லை." தான் இளந்தாரியாய் இருக்கேக்கை இஞ்சதான் நிண்டவராம். வருசா வருசம் வந்து, எண்ணெய் போட்டு, துடைச்சு, வீட்டை போனவராம். இந்த நாட்டிலை கடைசியாய் நடந்த சண்டை 1847இலை, தங்களுக்குள்ளையே. இருபத்தாறு நாள். செத்தது நூறு பேர் வரைதான். அதிலை வெண்ட பக்கத்து ஜெனரல் டுஃபூர், எதிரியின்ரை காயக்காரரையும் பராமரிக்க வேணும் எண்டு கட்டளை போட்டவர். அவரே பிறகு 1863இலை ஜெனீவாவிலை செஞ்சிலுவைச் சங்கம் தொடங்கின ஐஞ்சு பேரிலை ஒருத்தர். அதைக் கேக்க எனக்கு யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியிலை பறந்த கொடி ஞாபகம் வந்தது. அதுக்குக் கீழை படுத்து நீங்கள் மூத்தவனைப் பெத்தெடுத்தனீங்கள் எல்லே.

வெளியாட்களோடை சண்டையே இல்லை எண்டு நினைக்காதையுங்கோ. பக்கத்திலை லிக்ரென்ஸ்ரைன் எண்டு கையகல நாடு ஒண்டு. 1868இலையே ஆமியைக் கலைச்சுப்போட்டுச் சும்மா இருக்கிற சனம். அதுக்குத்தான் இவை திருப்பித் திருப்பி அடிச்சிருக்கினம், எல்லாம் கைதவறி. 1968இலை பயிற்சி எடுக்கேக்கை ஐஞ்சு ஷெல் அங்கத்தைப் பனிச்சறுக்குக் கிராமத்திலை போய் விழுந்து, சேதம் ஒரு சாப்பாட்டுக்கடையின்ரை வெளிக்கதிரை. 1985இலை சூட்டுப் பயிற்சியிலை கிளம்பின நெருப்பு மலைக்காத்தோடை எல்லை தாண்டி அவையின்ரை காட்டை எரிச்சுது. 2007இலை 170 பேர் கொண்ட படை, இருட்டிலை வழி மாறி, எல்லைக்குள்ளை ரெண்டு கிலோமீற்றர் மட்டிலை நடந்து போய், பிழை விளங்கித் திரும்பி வந்தது. சுவிஸ்காரர் சொன்ன பிறகுதான் தங்கடை நாட்டுக்குள்ளை படை வந்து போனது அவைக்குத் தெரிஞ்சதாம். கிழவர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். மேல்வீட்டுப் பிள்ளையள் மூண்டும் கொப்பியிலை எழுதுதுகள். நானும் சிரிச்சன். வழிமாறி வந்த ஆமி திரும்பிப் போறது எனக்குப் புதுக்கதை.

இதிலை பெரிய பகிடி, இந்த நாட்டிலை குடியிருக்கிற ஒவ்வொருத்தருக்கும் நிலத்துக்குக் கீழை ஒரு இடம் இருக்கு. 1963இலை இருந்து சட்டம். ஏறக்குறைய 370,000 பதுங்கிடம், 90 லட்சம் பேருக்கு மேலை ஒதுங்கலாம். எங்கடை கட்டடத்தின்ரை அடியிலையும் ஒண்டு. கொங்கிறீற் கதவு, ஒரு சாண் தடிப்பு. சண்டை வரும் வரைக்கும் எல்லாரும் அதைக் கெல்லராய், எண்டால் சாமான் அறையாய்ப் பாவிக்கினம். சிலர் வைன் போத்தில், சிலர் பனிச்சறுக்குக் கட்டை. எங்கடை பங்கிலை நாலு மூடை அரிசி, ஒரு இடியப்ப உரல், ஐயாவின்ரை படத்துக்குப் போடுற பிளாஸ்ரிக் மாலை. அணுகுண்டு விழுந்தாலும் இடியப்பம் தப்பும்.

இதை நான் சொல்ல, மேல்வீட்டுச் சின்னப்பெட்டை, ஒன்பது வயசு, "உங்கடை ஊரிலையும் பங்கர் இருந்ததோ?" எண்டு கேட்டாள். இருந்தது எண்டன். அவ்வளவுதான். கிழவரை விட்டிட்டு எல்லாரும் என்னைச் சுத்தி நிக்கினம். கிழவரும் வந்து நிக்கிறார். முத்தத்து வேப்பமரத்துக்குப் பக்கத்திலை எல் வடிவிலை வெட்டினது, மேலை பனங்குத்தி, அதுக்கு மேலை மண்மூடை, மழைக்குத் தண்ணி நிறைஞ்சு தவளை குடியிருந்தது, குண்டு போடுற சகடைப் பிளேன் வாற சத்தத்துக்கு எல்லாரும் குதிக்க அம்மம்மா மட்டும் "பாம்புக்குச் சாகிறதிலும் குண்டு பரவாயில்லை" எண்டு திண்ணையிலை இருந்தது. எல்லாம் சொன்னன். தொண்ணூற்றைஞ்சிலை இடம்பெயர்ந்து சாவகச்சேரியிலை இருக்கேக்கை நீங்கள் மாமரத்துக்குக் கீழை முப்பது பிள்ளையளை இருத்திப் படிப்பிச்சதும் சொன்னன். மேல்வீட்டு மனிசி கண்ணை விரிச்சு, "உங்கடை அக்கா எந்தக் கன்ரோனிலை அனுமதி எடுத்தவ?" எண்டு கேட்டா. பகிடிக்கோ உண்மையாவோ தெரியேல்லை.

திரும்பி வரேக்கை பஸ்சிலை பாண், சீஸ், பண்டி இறைச்சிச் சொசேஜ் எல்லாம் பகிர்ந்திச்சினம். விரதம் எண்டு பாணை மட்டும் சாப்பிட்டன்.

இண்டைக்குக் காலமை சின்னப்பெட்டை கதவைத் தட்டினாள். கொப்பியிலை கிரெஸ்ராவால்ட் பங்கரை அரைப்பக்கம், எங்கடை பங்கரை ரெண்டு பக்கம் கீறியிருக்கிறாள். வேப்பமரம் கிறிஸ்மஸ் மரம் மாதிரி. தவளைக்கு ஆமித்தொப்பி. அளவுகள் போட வேணுமாம், தாய் கேட்டவவாம். நீளம் பன்ரண்டு அடி எண்டு எனக்கு ஒரு ஞாபகம். குத்தி எத்தினை தறிச்சது, வாசலிலை படி நாலோ ஐஞ்சோ எண்டு தெரியேல்லை. வெட்டேக்கை நீங்களும் அத்தானும்தானே நிண்டனீங்கள். மறக்காமல் எழுதிவிடுங்கோ, பிள்ளை கெதியாய்க் கொப்பி குடுக்க வேணுமாம். பிறகு, கதவு எந்தப் பக்கம் திறக்கும் எண்டும் கேட்டவள். கதவு இல்லை எண்டு சொல்லிப்போட்டன்.

அன்புடன்,
உங்கடை தம்பி

பி.கு: அடுத்த பாசலிலை ஒடியல் மா கொஞ்சம் வையுங்கோ. கெல்லரிலை இடம் இருக்கு.