தீவுக்குக் கிளம்பிய ஆனைகட்டி

கோவையிலிருந்து தடாகம், மாங்கரை வழியாக மலையேறினால் ஆனைகட்டி. பாதி ஊர் தமிழ்நாட்டில், மீதி பாலக்காடு மாவட்டத்தில். மலைக்காற்றும் ஓடையும் இருக்கிற ஊர்க்காரர்கள் விடுமுறைக்கு வேறெங்கும் போகத் தேவையில்லை என்று நினைத்தால், இம்மாதக் கடிதக் கட்டில் பெரும்பாதி அங்கிருந்துதான். கேட்பதும் ஒன்றேதான்: எந்தத் தீவுக்குப் போகலாம், எங்கே ரூம் போடலாம்? பதிலாளர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

கே: ஆனைகட்டிக்குப் பக்கத்துல இருக்கற தீவு எதுங்க?

ப: பள்ளிக்கூட அட்லஸை விரித்து, ஆனைகட்டி மேல் ஸ்கேலை வைத்து நேர் மேற்கே கோடு போடுங்கள். 11 டிகிரி அட்சரேகையை ஒட்டியே போய் லட்சத்தீவின் அமினியில் முட்டும். அதே கோட்டைக் கிழக்கே இழுத்தால் அந்தமான் வரும். ஆனால் பெரிய அந்தமானுக்கும் சின்ன அந்தமானுக்கும் நடுவில் கடலில் விழும். இரண்டு பக்கமும் ஏறக்குறைய சம உயரத்தில் தீவுகளை வைத்துக்கொண்டு ஆழியாறு பூங்காவுக்கே திரும்பத் திரும்பப் போகிறவர்களைப் பற்றிப் பதிலாளருக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. அச்சில் ஏற்ற முடியாது.

கே: லட்சத்தீவுக்கு ஆதார் அட்டை போதுமா?

ப: போதாது. அனுமதிச் சீட்டு வேண்டும்.

கே: மூன்று நட்சத்திர ஓட்டலா, ஐந்து நட்சத்திரமா?

ப: ஜன்னல் எந்தத் திசையில் என்று முதலில் கேளுங்கள்.

கே: அந்தமானில், ஹேவ்லாக்கில் ரூம் பார்க்கிறோம். படத்தில் எல்லா ஓட்டலும் கடலுக்குள்ளேயே இருக்கிற மாதிரிதான் தெரிகிறது. எதை நம்புவது? (மாங்கரை)

ப: படத்தை நம்பலாம். படம் எடுத்த நேரத்தைத்தான் நம்பக் கூடாது. ஹேவ்லாக்குக்கு 2018 டிசம்பரில் ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாற்றினார்கள். கடற்கரைகளுக்கு மட்டும் இன்னும் பழைய நம்பர்தான். கோவிந்த் நகர் 3, விஜய் நகர் 5, ராதாநகர் 7. ஓட்டல்களில் பெரும்பாலானவை கிழக்குக் கரையில், 3-க்கும் 5-க்கும் இடையே வரிசை கட்டி நிற்கின்றன. ஆழமில்லாத பக்கம் அது. கடல் ஏறி நிற்கும்போது வாசற்படியில் அலை. வற்றும்போது கடல் கிளம்பி எங்கேயோ போய்விடும். கல்லும் செத்த பவளமும் துருத்திக்கொண்டு நிற்கும், முழங்காலை நனைப்பதற்கே செருப்புப் போட்டுக்கொண்டு வெகுதூரம் நடக்க வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்ற இறக்கம் சுமார் 2 மீட்டர். விளம்பரப் படம் எடுத்த புண்ணியவான் பஞ்சாங்கம் பார்த்துத்தான் எடுத்திருப்பார்.

குளிக்கத் தோதானது மேற்கே இருக்கிற ராதாநகர். 2004-இல் டைம் பத்திரிகை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று எழுதியது அதைத்தான். அங்கே தங்குமிடம் குறைவு, இருப்பதும் விலை கூடுதல். ஆகவே கையில் காசு இருந்தால் மேற்கே. இல்லாவிட்டால் கிழக்கே அறை எடுத்து, மதியத்துக்கு மேல் ஆட்டோவிலோ வாடகை ஸ்கூட்டரிலோ ராதாநகர் போய் வாருங்கள். குளிர்காலத்தில் அங்கே ஐந்து, ஐந்தேகாலுக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். கோவை நேரக் கணக்கில் டீ குடித்துவிட்டு ஆறு மணிக்குப் போனால் இருட்டுத்தான் கிடைக்கும்.

இன்னொன்று, மணல் ஈ. கண்ணுக்கே தெரியாது, கடித்த இடம் நாள்கணக்கில் அரிக்கும். ஈர மணலில் படுத்துப் படம் எடுக்கும் புதுமணத் தம்பதிகள்தான் அதற்கு முதல் பந்தி. பதிலாளருக்கு அவர்கள்மேல் அனுதாபம் இல்லை.

கே: தீவிலாவது யானைத் தொல்லை இருக்காதுங்களே? (செங்கல் சூளைக்காரர், தடாகம்)

ப: ஆகா, இந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தது!

அண்ணா, உங்களுக்கு முன்னாலேயே யானை அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. அந்தமான் காட்டில் மரம் இழுக்க யானைகளைக் கப்பலேற்றிக் கொண்டுபோனார்கள். மரக் கம்பெனி ஒன்று 1960-களில் நொடித்துப்போய், தன் யானைகளை இன்டர்வியூ தீவில் அப்படியே விட்டுவிட்டுப் போனது. சம்பள பாக்கி கேட்காத தொழிலாளிகள்! அவற்றின் வாரிசுகள் அங்கே காட்டு யானைகளாகிவிட்டன. தீவுக்குத் தீவு நீந்தவும் செய்தன. ஹேவ்லாக்கிலேயே எலிஃபன்ட் பீச் என்று ஒன்று இருக்கிறது. படகிலோ காட்டு வழியாக நடந்தோ போகலாம், தங்க முடியாது.

அதே தீவில் ராஜன் என்று ஒரு கொம்பன் இருந்தது. மர வேலை ஓய்ந்தபின் ராதாநகர் பக்கத்து விடுதியொன்றின் பராமரிப்பில், கடலில் நீந்தியே உலகப் புகழ் பெற்றது. தண்ணீருக்கடியில் நான்கு காலும் துழாவ, தும்பிக்கை மட்டும் மேலே மூச்சுவிடும் அந்தப் படங்களைப் பார்க்காதவர் குறைவு. 2016 ஆகஸ்டில், 66 வயதில் இறந்தது.

உங்கள் சூளைப் பக்கம் வருகிற யானைக்கும் ராஜனுக்கும் ஒரு வித்தியாசம்தான். ராஜனைப் பார்க்க ஜனங்கள் காசு கொடுத்து ரூம் போட்டார்கள்.

கே: புதுசா கல்யாணமான தம்பிக்கு மாலத்தீவு பார்த்திருக்கோம். எதைக் கவனிக்கணும்? (அகளி)

ப: மாமியார் கூடப் போகிறாரா என்பதை. அடுத்து, விமானம் மாலே இறங்கும் நேரத்தை. தூரத்து ரிசார்ட்டுகளுக்குக் கடல் விமானத்தில்தான் போக வேண்டும், அது இருட்டில் பறக்காது. மாலை இறங்கினால் முதல் ராத்திரி ஹுல்ஹுமாலேயில்தான். அறை வாடகை மலிவாகத் தெரிந்தால், அந்தக் கடல் விமானத்துக்கும் வேகப்படகுக்கும் என்ன கட்டணம் என்று கேளுங்கள். சிரிப்பு நின்றுவிடும்.

ரிசார்ட் கட்டாதென்றால் மாஃபுஷி மாதிரி ஊர்த்தீவுகளில் விருந்தினர் விடுதிகள் இருக்கின்றன. 2009-க்குப் பிறகு அனுமதித்தது. ஊர்ச் சாப்பாடு, பாதிக்கும் குறைந்த செலவு. மது கிடையாது, நீச்சலுடைக்குத் தனிக் கரை. தம்பிக்கு எது முக்கியம் என்று தம்பியையே கேளுங்கள். மெத்தையில் துண்டை அன்னப்பறவையாக மடித்து வைக்கும் வழக்கம் இரண்டிலும் உண்டு. அதை ஒழிக்க யாராவது மனுப் போட்டால் பதிலாளர் முதல் கையெழுத்து.

கே: மே மாதம்தான் பிள்ளைகளுக்கு லீவு. மழை மாட்டிக்கொள்ளாத தீவு உண்டா? (ஆசிரியை, சோலையூர்)

ப: உண்டு டீச்சர், இலங்கையின் கிழக்குக் கரை. தென்மேற்குப் பருவமழையில் பெந்தோட்டையும் மிரிசையும் நனையும்போது திருகோணமலைப் பக்கம் வெயிலடிக்கும். உப்புவெளி, நிலாவெளியில் தங்கலாம், படகில் புறாத்தீவு போய்ப் பவளப்பாறை பார்க்கலாம். சின்னப் பிள்ளைகள் என்றால் பாசிக்குடா. இடுப்பளவுத் தண்ணீரிலேயே வெகுதூரம் போகலாம். அறுகம்பை அலைச்சறுக்குக்காரர்களுக்கு. போகிற வழியெல்லாம் தமிழிலேயே பேரம் பேசலாம் என்பதைச் சுற்றுலாக் கையேடுகள் சொல்வதில்லை. டிசம்பர், ஜனவரி என்றால் கணக்கைத் திருப்பிப் போட்டு மேற்குக்கும் தெற்குக்கும் போங்கள். மே கடைசியில் அந்தமான் வேண்டாம். மழை பிடித்தால் படகு ரத்தாகும், தீவிலேயே மாட்டிக்கொள்வீர்கள். வகுப்பு தொடங்கும் நாளன்று அது விடுமுறை நீட்டிப்பாகக் கணக்காகாது.

கே: எங்க பட்ஜெட்டுக்குத் தீவெல்லாம் ஏதுங்க?

ப: ராமேஸ்வரமும் தீவுதான். பாலத்தில் ரயிலேறிப் போவதால் ஜனங்கள் மறந்துவிடுகிறார்கள். 2025 ஏப்ரலிலிருந்து புதுப் பாம்பன் பாலம். அங்கேயும் திசைதான் விஷயம். வடக்கே பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்பார்கள் மீனவர்கள், தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் ஆண்கடல். தென்மேற்குக் காற்றில் தெற்கு கொந்தளிக்கும், வடகிழக்குக் காற்றில் வடக்கு. எந்த மாதம் போகிறீர்களோ அதற்கு எதிர்ப் பக்கம் பிள்ளைகளை இறக்குங்கள். தனுஷ்கோடியில் ராத்தங்க நினைக்க வேண்டாம். 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு அங்கே ஊர் திரும்ப எழவில்லை, இருட்டுவதற்குள் திரும்பச் சொல்லிவிடுவார்கள். மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளிலும் தங்க அனுமதியில்லை. டால்ஃபினுக்கும் கடற்பசுவுக்கும் ஒதுக்கிய இடத்தில் கட்டில் போட்டுக் கேட்பது நியாயமும் இல்லை.

கே: அந்தமான்ல பாராடாங் போற வழியில ஜாரவா பழங்குடி மக்களைப் பார்க்கலாம்னு டிராவல்ஸ்காரர் சொல்றாருங்க. அதுக்குத் தோதா எங்க தங்கலாம்?

ப: எங்கும் வேண்டாம். அந்தச் சாலை அவர்கள் காட்டை நடுவே கிழித்துப் போகிறது. அதை மூடச் சொல்லி 2002-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இன்றும் வண்டிகள் வரிசையாக ஓடுகின்றன. வழியில் நிறுத்துவது, படமெடுப்பது, தின்பண்டம் கொடுப்பது எல்லாமே குற்றம். 2012-இல் அந்தப் பெண்களை உணவைக் காட்டி ஆடவைத்த வீடியோ வெளியாகி உலகமே காறித் துப்பியது. வெளியார் தொடர்பு வந்த கொஞ்ச காலத்திலேயே, 1999-இல், தட்டம்மை அவர்களைத் தாக்கியது. ஜீப்பில் வந்து இருளர் ஊருக்குள் கேமராவை நீட்டுகிறவர்களை ஆனைகட்டியை ஒட்டிய அட்டப்பாடி நன்றாகவே அறியும். டிராவல்ஸ்காரரிடம் அந்த ஒரு நாளை வெட்டிவிட்டு ஷஹீத் தீவில், அதாவது பழைய நீலில், இன்னொரு ராத்திரி கேளுங்கள்.

கே: எங்க ஊரு பறவை ஆராய்ச்சி மையத்துக்கும் அந்தமானுக்கும் என்ன சம்பந்தம்?

ப: நிறைய. சலீம் அலி மையத்தின் ரவி சங்கரன், அந்தமான் குகைகளில் எச்சிலால் கூடு கட்டும் உழவாரன் குருவியைக் காப்பாற்றப் பாடுபட்டவர். அந்தக் கூட்டைச் சூப் வைத்துக் குடிக்க வெளிநாட்டில் கொள்ளை விலை. குஞ்சு பறந்தபின் எடுங்கள், அதுவரை காவல் இருங்கள் என்று கூடு எடுப்பவர்களையே காவலுக்கு வைத்த திட்டம் அது. மையத்தின் இயக்குநராக இருக்கும்போதே 2009 ஜனவரியில் மறைந்தார். இருட்டு, சுத்தம், ஆள் நடமாட்டம் இல்லாமை, இந்த மூன்றும் பார்த்துத்தான் அந்தக் குருவி இடம் பிடிக்கும். ஓட்டல் விமர்சனங்களில் பாதியைவிட அதன் ரசனை மேல்.

கே: தீவுல குடிதண்ணி எப்படிங்க? சிறுவாணி குடிச்சு வளர்ந்த வாய்.

ப: கோவைக்காரர் சொர்க்கத்துக்குப் போனாலும் முதலில் கேட்பது இதுதான். லட்சத்தீவின் கவரத்தியில் 2005-லேயே சென்னையின் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வைத்தது, நாளுக்கு 1 லட்சம் லிட்டர். மேலே உள்ள வெதுவெதுப்பான நீரை ஆவியாக்கி, ஆழத்துக் குளிர்நீரால் குளிர்விப்பது அதன் வேலை. குடித்துப் பாருங்கள். சிறுவாணி மாதிரி இல்லை என்று அங்கே உரக்கச் சொல்லாதீர்கள்.

கே: இத்தனையும் படித்துக் காட்டியும் எங்க வீட்டுக்காரர் பொள்ளாச்சியே போதும் என்கிறாரே? (ஆனைகட்டி)

ப: பொள்ளாச்சியில் அவருக்கு அத்தை வீடு இருக்கிறதா என்று பாருங்கள் அக்கா. இருந்தால் கஷ்டம்தான்.