மலை ராசாவுக்கு ஒரு புத்திமதி

குள்ளர் தலைவரே, தோரின் ராசா, கோவிச்சுக்காதீங்க. கிழவன் வாய் சும்மா கிடக்காது. பீட்டர் ஜாக்சன் 2014-ல எடுத்த ஹாபிட் மூணாம் படத்துல உங்க கடைசிச் சண்டையப் பார்த்தேன். வாள் வீச்சுல குறையே சொல்ல முடியாது. வரவு செலவுலதான் கோட்டை விட்டுட்டீங்க.

எரெபோர் மலைக்குள்ள தங்கம் மேல படுத்துக் கிடந்த டிராகன உங்க கூட்டம் போயி எழுப்பிவிட்டுச்சு. எரிஞ்சது என்னவோ ஏரிக்கார சனத்தோட வீடு. கறுப்பு அம்பால அந்த ஸ்மாகை வீழ்த்துனவரு அந்த ஊரு படகுக்காரர் பார்டு. நீங்க மலைமேல நின்னு வேடிக்கை பார்த்தீங்க; நல்ல காத்து வாங்கியிருப்பீங்க.

வீடிழந்த சனம் புள்ளகுட்டியோட வந்து, நீங்க வாக்குக் குடுத்த பங்கைக் கேட்டுச்சு. நீங்க வாசலையே கல்லு வச்சு அடைச்சிட்டு, ஒரு ஓட்டை வழியா நியாயம் பேசுனீங்க. சினிமாக் கொட்டகையில டிக்கெட் குடுக்கிற பொந்துகூட அதவிடப் பெருசு ராசா!

உங்க குலத்துப் பெருமையான ஆர்கன் கல்லைக் காணோம்னதும் கூடவந்தவுக மேலயே சந்தேகம். கூட வந்த ஹாபிட் பில்போ எதையோ கையில மூடுனதப் பார்த்து அதட்டுனீங்க. விரிச்சுக் காட்டுனா ஒரு ஓக் மரத்து விதை. வர்ற வழியில தங்குன பியோர்ன் தோட்டத்துல பொறுக்கி, ஊருல நடணும்னு வச்சிருந்தது. அப்ப சிரிச்சீங்க பாருங்க, அதுதான் ராசா முகம். மலையடிவாரத்து டேல் ஊருக்கு ஏரிக்கார அகதி சனம் வந்து சேந்துச்சுன்னு சேதி வந்ததுமே அந்த முகம் போன இடம் தெரியல.

பில்போவுக்கு உங்காளுக எழுதிக் குடுத்த ஒப்பந்தம், லாபம் வந்தா பதினாலுல ஒரு பங்கு. அந்தப் பங்குக்கு ஈடா ஆர்கன் கல்லையே எடுத்து, சமாதானம் ஆகட்டும்னு எதிராளிகிட்ட ஒப்படைச்சாரு. அவரச் சுவத்துலருந்து கீழ தள்ளப் போனீங்க. சம்பளம் நல்லாத்தான் குடுத்தீங்க!

ஆர்க்குப் படை எப்படியும் வந்திருக்கும்னு சொல்வீங்க. வந்திருக்கும். கதவைத் திறந்து வச்சு, உங்காளுக, ஏரிக்காரங்க, அவுக பக்கம் நின்ன எல்ஃபுகன்னு மூணு படையும் ஒண்ணா நின்னு அத வரவேத்திருக்கலாமே? கிரீடத்தக் கழட்டிப் போட்டு நீங்க வெளிய வர்றதுக்குள்ள காரியம் கைமீறிப் போச்சு. ஆர்க்குத் தலைவன் அசோக்கக் கொன்னீங்க, நீங்களும் போய்ச் சேந்தீங்க. அக்கா தங்கச்சி புள்ளைகன்னு இருந்த ஃபிலியும் கிலியும் போயிட்டாங்க. சிம்மாசனம் பங்காளி டெயினுக்கு. குடுக்க மாட்டேன்னவரு மொத்தத்தையும் குடுத்துட்டுப் போனீங்க.

உங்கள மட்டும் சொல்லிக் குத்தமில்ல. 1937-ல வந்த ஒத்தப் புத்தகத்த ரெண்டு படமா எடுக்கப்போறோம்னு சொன்னவுக, 2012-ல மூணாக்கிட்டாக. உங்களப் பிடிச்ச பொன்னாசை நோய் கேமராவுக்குப் பின்னாடியும் பரவியிருக்கு.

கடைசியா ஒண்ணு. பில்போ வீடு திரும்புனா, செத்துட்டாருன்னு முடிவு கட்டி வாசல்லயே சாமான ஏலம் விட்டுக்கிட்டிருக்காக. சொந்தக்காரி லோபீலியா கையில அவரோட கரண்டி! மத்தியஸ்தம் பண்ணி உசுரோட திரும்புனவருக்கே இந்தக் கதின்னா, மலையக் கட்டி ஆண்ட உங்களுக்கு? அதனால சொல்றேன் ராசா, உசுரோட இருக்கும்போதே நம்ம கையால பங்கு பிரிச்சுடணும். டிராகன் மலைக்கு ஒண்ணுதான், சொந்தக்காரன் தெருவுக்குப் பத்து.