இலக்கு நோக்கிய நாட்குறிப்பியலில் பால் கணக்கின் இடம்: ஒரு முன்னாய்வு

இலக்கை அடைய நாட்குறிப்பு எழுதச் சொல்லும் நூல்கள் மலிந்துவிட்ட இக்காலத்தில், தமிழ் இல்லங்களில் பெரும்பாலும் விடுபடாமல் எழுதப்படும் ஒரே நாட்குறிப்பை ஆய்வுலகம் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அடுக்களைச் சுவரில், மாதக் காலண்டரின் கட்டங்களுக்குள் பதிவாகும் பால் கணக்கே அது. ஊக்கம் தருவது எதிர்காலத்தைப் பற்றிய சபதமன்று, நடந்ததை அன்றன்றே, சுருக்கமாக, இன்னொருவர் சரிபார்க்கும்படி எழுதுவதே என்பதை நிறுவுதல் இக்கட்டுரையின் நோக்கம்.

நாட்குறிப்பு நால்வகைப்படும்: நன்றிக் குறிப்பு, சபதக் குறிப்பு, குற்றக் குறிப்பு, பால் கணக்கு. நன்றிக் குறிப்பு நல்லது. சபதக் குறிப்பாவது, நகைக்கடை இலவசமாகத் தந்த டைரியில் ஜனவரி முதல் தேதி தொடங்கிப் பொங்கலுக்குள் முற்றுப்பெறுவது. அதன் பிற்பகுதியில் காணப்படும் மளிகைப் பட்டியலை இடைச்செருகல் என ஒதுக்குவோர் உளர். மளிகைப் பட்டியலே மூலம், முதல் பன்னிரண்டு பக்கங்களே இடைச்செருகல் என்பது எம் துணிபு. சபதக் கட்சியார் தமக்கு ஆதரவாக ஓர் ஆய்வைக் காட்டுவர்: 1953இல் யேல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர்களுள் இலக்கை எழுதி வைத்திருந்த 3 சதவீதத்தினர், பிற்காலத்தில் மீதி 97 சதவீதத்தினரைக் காட்டிலும் அதிகச் செல்வம் சேர்த்தார்களாம். இதிலுள்ள ஒரே குறை, அப்படியோர் ஆய்வு நடக்கவே இல்லை என்பது. மூலத்தைத் தேடாமல் ஒருவர் அடிக்குறிப்பை இன்னொருவர் எடுத்தாண்டே ஓர் உண்மை உருவாகிவிட்டது. இந்த ஆய்வு நெறி நம் துறைகளுக்கும் அறிமுகமில்லாததன்று.

குற்றக் குறிப்புக்குத் தலைசிறந்த சான்று பெஞ்சமின் பிராங்க்ளின். முதலில் பன்னிரண்டு நற்குணங்களைப் பட்டியலிட்டவர், உமக்குக் கர்வம் அதிகம் என்று நண்பர் ஒருவர் சொல்லவே பணிவையும் சேர்த்துப் பதின்மூன்றாக்கினார். கிழமைக்கொரு கட்டம் வரைந்து, தவறிய இடத்திலெல்லாம் கரும்புள்ளி வைத்தார். பழைய புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டித் தாள் ஓட்டையாகிவிட்டதால் அட்டவணையைத் தந்த ஏடுகளுக்கு மாற்றினார். அவரை மிகவும் படுத்திய குணம் ஒழுங்கு. இவ்வளவுக்கும் பின் அவர் முறை நிலைத்ததென்றால் காரணம் குணங்களல்ல, கட்டங்களே. வரலாற்று நோக்கில் அதைத் திசைமாறிய பால் கணக்கு எனலாம்.

இனிப் பால் கணக்கு. அதன் மொழி மிகச் செறிவானது. வழக்கமான அளவுக்கு ஒரு கோடு. வாங்காத நாளுக்குப் பெருக்கல் குறி (அடுக்களைச் சுவர், சித்திரை, வலது ஓரம்). விருந்தினர் வந்த நாளில் கூட்டல் குறியும் அரையும் வரும் (மேற்படி சுவர், மேற்படி ஆணி, வைகாசித் தாள், எண்ணெய்க் கறைக்கு மேலே). ஒரு கட்டத்தில் மட்டும் பெருக்கலும் கோடும் ஒன்றன்மேல் ஒன்றாக உள்ளன (ஆனித் தாள், பின்பக்கம், மங்கிய பென்சில், தாளிப்புப் புகையால் சிதைந்த பகுதி, ஒப்புநோக்குக: பால்காரர் அட்டை, மடிப்பு விழுந்த மூலை). இதற்குப் பால் திரிந்தது என்பது பழைய உரை. பால் வந்தது, சண்டை போட்டுத் திருப்பி அனுப்பப்பட்டது என்பது புத்துரை. இரு பிரதிகளையும் ஒப்பிட்டுப் பாடம் தீர்மானிக்கும் பணி மாதக் கடைசியில் வாசற்படியில் உரத்த குரலில் நடைபெறும். நாள்தோறும் எழுதும் ஊக்கம் பிறப்பது இங்கேதான்: எழுதாதவர் தோற்பார்.

பால் கணக்கில் உன்னத நோக்கம் இல்லையே என்பர் சிலர். ஆனந்தரங்கப் பிள்ளை 1736இல் தொடங்கி 1761 வரை எழுதிய நாட்குறிப்பை எடுத்துக்கொள்க. கப்பல் வரவு, சரக்கு விலை, கவர்னர் மாளிகைப் பேச்சு என நடந்தவையே அதில் நிறைந்துள்ளன. கால் நூற்றாண்டு நீடித்ததற்கு உன்னதமின்மை தடையாக இருக்கவில்லை. வேறு சிலர், பால்காரருக்குப் பணம் தரவேண்டும், அதனால் கணக்கு நிலைக்கிறது, சொந்த இலக்குக்கு யார் வந்து வசூலிப்பார் என்று வினவுவர். தகுந்த தடையே. இதற்கு விடை லண்டனில் 1660 முதல் 1669 வரை நாட்குறிப்பு எழுதிய சாமுவேல் பெப்பிஸிடம் உள்ளது. மதுவையும் நாடகத்தையும் குறைப்பதாகச் சத்தியம் செய்த அவர், மீறினால் ஏழைகள் உண்டியலுக்கு அபராதம் என்று விதித்துக்கொண்டார். சத்தியத்தில் சந்துபொந்து தேடினார் என்பதும் குறிப்பில் உண்டு. ஆயினும் தேடியதையும் எழுதிவைத்தார் என்பதே நமக்கு வேண்டியது.

ஆகவே, நாவல் எழுத விரும்புபவர் டைரியில் நாவல் எழுதுவேன் என்று எழுதலாகாது. இன்று ஒரு பக்கம் எழுதினால் கோடு, இல்லையேல் பெருக்கல் குறி. மாதம் முடிந்ததும் சலுகை காட்டாத ஒருவரிடம் காட்டுக. இம்முறையை விரிவாகச் சோதிக்க ஒரு காலண்டர், ஓர் ஆணி, நூலில் கட்டிய பென்சில் ஆகியவை போதும். அவற்றுக்கான நிதிநல்கை விண்ணப்பம் மட்டும் நாற்பது பக்கத்தைத் தாண்டி, நோக்கங்கள் என்னும் இயலிலேயே நிற்கிறது.