ரீல்ஸும் ஓட்டும்

கேள்வி: செல்போனே கதி என்று கிடக்கும் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அரசியல் அக்கறை வருமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், திண்டுக்கல்

பதில்: வந்து பல காலமாகிறது ஐயா! 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூடியவர்களைக் கூட்டி வந்ததே அந்தச் செல்போன்தான். இருட்டியதும் ஆயிரக்கணக்கான செல்போன் டார்ச்சுகள் கடற்கரையில் மினுங்கின. பகலில் குப்பை பொறுக்கியதும் அதே கைகள். ஒரே வாரத்தில் சட்டமன்றம் கூடிச் சட்டத்தையே திருத்தியது. 1967இல் விருதுநகரில் காமராஜரைத் தோற்கடித்தவரும் ஒரு மாணவர் தலைவர்தானே?

போன மாதம் எங்கள் தெருப் பள்ளியில் வாக்காளர் சிறப்பு முகாம். படிவம் 6ஐ முழங்காலில் வைத்து நிரப்பிக்கொண்டிருந்த பெண்ணுக்குப் பதினேழு வயது. (பதினேழிலேயே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம், பலருக்குத் தெரிவதில்லை. உங்கள் பழைய மாணவர்களிடம் சொல்லுங்கள்.) பேனாவை மூடிவிட்டு, “சார், எங்க ஊருக்கு காலையில ஒரே பஸ்தான். அதை விட்டா காலேஜ் போச்சு. ஓட்டு கேட்டு வர்றவங்ககிட்ட ரெண்டாவது பஸ் கேட்கலாமா?” என்றாள்.

தாராளமாகக் கேள் அம்மா என்றேன். அப்படியே, ஊராட்சித் தேர்தலில் நிற்க 21 வயது போதும் என்றும் சொல்லி வைத்தேன். விரல் விட்டு எண்ணினாள்: “இன்னும் நாலு வருஷம்!”