கோகோவின் மூக்கு

"வேற நாய் வாங்கிட்டீங்களா சார்?"

இன்று காலை பால் வாங்கப் போன இடத்தில் மூன்றாம் மாடிக்காரர் கேட்டார். இந்த மாதம் இதைக் கேட்ட ஒன்பதாவது ஆள். "இல்லை, அதே நாய்தான்" என்றேன். நாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "சரி சார்" என்றார். அந்த 'சரி சாரில்' இருந்த இரக்கம்தான் இன்னும் உறுத்துகிறது.

ஐந்து மாதங்களுக்கு முன் வாங்கியபோது அது 'ரேர் சாக்லேட் பொமரேனியன்'. அதனால்தான் கோகோ என்று பெயர் வைத்தோம். இப்போது ரவா கேசரி நிறத்தில் இருக்கிறது. அதிலும் நெய் குறைவாக விட்ட கேசரி.

நாய்க்குட்டி வாங்குமுன் கவனிக்க வேண்டியதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். முதலில், விளம்பரத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

நீங்களும் படித்திருப்பீர்கள். 'ஷோ குவாலிட்டி, சாம்பியன் பிளட்லைன், கல்ச்சர் பாம், டீ கப் சைஸ், டிரிபிள் கோட்.' கல்ச்சர் என்றால் எந்தக் கலாசாரம் என்று கேட்கக் கூடாது. டீ கப் என்றொரு ரகத்தை எந்தக் கென்னல் கிளப்பும் அங்கீகரித்ததில்லை. டபரா செட்டில் காப்பி குடிக்கிற நமக்கு அந்த அளவு புரியவும் புரியாது. பொமரேனியனுக்கு இயற்கை கொடுத்திருப்பது இரண்டு கோட்டுதான், மேலே முரட்டு முடி, அடியில் பஞ்சு முடி. மூன்றாவதை நம் நெற்றியில் நாமமாகப் போடுகிறார்கள்.

நிறத்துக்கு வருவோம். 'ப்ளூ' என்றால் சாம்பல். பஞ்சதந்திரத்து நரியாவது நிஜமாகவே சாயத் தொட்டியில் விழுந்தது. இவர்கள் தொட்டிச் செலவுகூட இல்லாமல் நாயை நீலமாக்குகிறார்கள். 'லாவண்டர்' என்றால் சாயம் போன பழுப்பு. நம் வீட்டு மிதியடிக்கும் அதே நிறம்தான், ஆனால் அதை யாரும் ரேர் என்று சொல்வதில்லை.

புடவைக் கடையிலும்தான் பெயர் வைக்கிறார்கள். மாந்துளிர், வெங்காயச் சருகு, மயில் கழுத்து, எம்.எஸ். ப்ளூ. ஆனால் அங்கே புடவையை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிரித்துப் பார்க்க விடுவார்கள். கோகோவை வெயிலில் பார்க்கிறேன் என்றதும், "ஜன்னி வந்துடும் சார்" என்றார் விற்றவர். டியூப் லைட் வெளிச்சத்தில் எல்லாம் சாக்லேட்தான். நானே சாக்லேட்டாகத்தான் தெரிந்தேன்.

மாட்டுச் சந்தையைப் பாருங்கள். காரி, மயிலை, செவலை. ஒரே சொல்லில் நிறம் முடிந்தது. காங்கேயம் கன்று பிறக்கும்போது செந்நிறமாக இருக்கும், ஆறு மாதத்தில் சாம்பல் பூத்துவிடும். பெரியப்பா ஒருமுறை கன்று வாங்கியபோது கூடவே நின்றேன். கேட்காமலேயே விற்றவர் சொன்னார்: "இப்பத்தானுங்க செவப்பு. இன்னும் நாலு மாசத்துல மாறிக்குமுங்க." துண்டைப் போட்டு, அடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிற ஊர். அங்கே விலையைத்தான் மறைத்தார்கள், நிறத்தை மறைக்கவில்லை. நமக்கு விலையைக் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு நிறத்தைத் துண்டுக்கடியில் வைத்திருக்கிறார்கள்.

பொமரேனியனும் அப்படித்தான் மாறும். நாலு மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் குட்டி முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்து, நாய் பார்க்கச் சகிக்காது. வளர்ப்பவர்களே அந்தப் பருவத்தை 'பப்பி அக்ளீஸ்' என்கிறார்கள். பிறகு வருகிற முடிதான் அசல் நிறம். பெரும்பாலும் குட்டியில் இருந்ததைவிட வெளுப்பு. அந்தப் பருவத்துப் படம் ஒன்றை எந்த விளம்பரத்திலாவது பார்த்திருக்கிறீர்களா?

தடுப்பூசிக்குப் போனபோது டாக்டர் ஒரு நொடியில் முடித்துவிட்டார். "சாக்லேட்னா சொன்னாங்க? மூக்கு கறுப்பா இருக்கே." அசல் சாக்லேட் நாயின் உடம்பில் கறுப்பு நிறமியே இருக்காதாம். மூக்கு, உதடு, இமையோரம் எல்லாமே பழுப்பாகத்தான் இருக்குமாம். 28,000 ரூபாயை எண்ணிக் கொடுத்த நான் வாலைப் பார்த்தேன், காதைத் தூக்கிப் பார்த்தேன், பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன். என் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டிருந்த மூக்கை மட்டும் பார்க்கவில்லை.

விற்றவருக்குப் போன் செய்தேன். "தயிர்சாதம் போடுறீங்களா சார்? அதான் வெளுத்துடுச்சு."

சிரிப்பு வருகிறது, சரி. ஆனால் எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்று 2017-லேயே மத்திய அரசு விதி போட்டாயிற்று. என்னிடம் 45 நாளில் கொடுத்தார், நானும் பல்லைக் காட்டிக்கொண்டு வாங்கி வந்தேன். இன்னொன்று, 'மெர்ல்' என்று திட்டுத் திட்டாக ஒரு நிறம் இருக்கிறது, அதற்கு இன்னும் விலை அதிகம். தாயும் தகப்பனும் மெர்லாக இருந்தால், அந்தக் குணத்தை இருவரிடமிருந்தும் வாங்குகிற குட்டிகள் செவிடாகவோ குருடாகவோ பிறக்கக்கூடும். அது விளம்பரத்தில் வராது. விற்பவர்களை மட்டும் திட்டியும் பயனில்லை. ராஜபாளையம் என்றால் பால் வெள்ளைதான் வேண்டும் என்று நாம் அடம்பிடித்தோம். அந்த வெள்ளையோடு செவிட்டுத்தன்மையும் சேர்ந்தே வந்தது. நாய்க்கு எதற்கு நிறம்? அதுவா கண்ணாடி பார்க்கப் போகிறது?

எங்கள் குடியிருப்புக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். இது அதே நாய்தான். 'கேசரி' என்று பெயரை மாற்றிக் கூப்பிட்டுப் பார்த்தோம், திரும்பவில்லை. பெயர் இன்னமும் கோகோதான். பத்தாவது ஆளாக யாரும் கேட்க வேண்டாம்.